அகஸ்டஸும் இத்தாலிய மக்களும்: உறவு உண்மையானதா?

கேள்வி:
முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஆண்டது மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த பெரும்பரப்பு. இத்தாலி அதில் ஒரு பகுதிதான். அப்படியிருக்க, இத்தாலிய மக்களுக்கென்று அவரோடு தனி உறவு ஏதேனும் இருந்ததா, அல்லது அது பிற்காலத்தில் கற்பித்துக்கொண்ட பெருமையா?

மறுமொழி 1:
உறவு இருந்தது, அதை உரக்கச் சொன்னவரும் அவரே. தம் போட்டியாளரான ரோமத் தளபதி ஆண்டனிக்கும் எகிப்து அரசி கிளியோபாட்ராவுக்கும் எதிரான போருக்கு முன், கி.மு. 32-இல், இத்தாலி முழுவதும் தானாக முன்வந்து தமக்கு விசுவாச உறுதிமொழி அளித்ததாகத் தம் சாதனைகளைக் கூறும் கல்வெட்டில் பதிந்திருக்கிறார். 'தானாக' என்பதை நான் முழுமையாக நம்பவில்லை. எனினும், கி.மு. 91-இல் ரோமக் குடியுரிமை மறுக்கப்பட்டதால் ரோமை எதிர்த்து ஆயுதம் ஏந்திய இத்தாலியரின் வழிவந்தோரை 'இத்தாலி' என்ற ஒரே பெயரால் அழைத்து, தம் ஆட்சிக்கு அடித்தளமாக அவர் காட்டியது சிறிய மாற்றமன்று. பின்னர் அவர் இத்தாலியை 11 வட்டாரங்களாகப் பகுத்தபோது, ஆல்ப்ஸ் அடிவாரத்துப் போ ஆற்றுச் சமவெளியும் அதில் அடங்கியது. சிசிலியும் சார்டினியாவும் மாகாணங்களாகவே நீடித்தன.

மறுமொழி 2:
பெயர்களிலும் அவர் வாழ்கிறார். ஆகஸ்ட் 15 அன்று இத்தாலியர் கொண்டாடும் 'ஃபெர்ரகோஸ்தோ' விடுமுறையின் பெயர், 'அகஸ்டஸின் விழா நாள்கள்' எனப் பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது. இன்று அது மரியாளின் விண்ணேற்பு விழாவும் ஆகும். வடமேற்கு இத்தாலியின் ஆவோஸ்தா நகரின் பெயரும் அவருடையதே. ஆனால், நீங்கள் ஐயுறும் கற்பிதப் பெருமையும் இல்லாமல் இல்லை: 1937-இல் முசோலினி அரசு, அகஸ்டஸ் பிறந்து ஈராயிரம் ஆண்டுகள் நிறைவதையொட்டி ரோமில் மாபெரும் கண்காட்சி நடத்தி, அவருடைய புகழைத் தன் ஆட்சிக்குச் சான்றாக்கிக்கொண்டது.

மறுமொழி 3:
அந்த உறவுக்கு இத்தாலியர் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். கி.மு. 41-இல், போர் முடித்துத் திரும்பிய வீரர்களைக் குடியமர்த்துவதற்காக, அப்போது ஆக்டேவியன் எனப்பட்ட அவர், கிரெமோனா முதலிய ஊர்களில் உழவர்களின் நிலங்களைப் பறித்தார். அந்த மனக்கசப்பைப் பயன்படுத்தி, ஆண்டனியின் தம்பி லூசியஸ் எதிர்த்தெழுந்து நடு இத்தாலியின் பெருஜியா நகரில் அரண் புகுந்தபோது, நகரம் முற்றுகையிடப்பட்டு, பட்டினியால் பணிந்து, கி.மு. 40-இல் தீக்கிரையானது. பின்னர் அதே நகரத்தை மீண்டும் எழுப்ப அவரே அனுமதித்தார். இத்தாலியின் பண்டைய மக்களான எத்ருஸ்கர் கட்டிய அதன் நுழைவாயில் வளைவில், அகஸ்டஸின் பெயரை நகரின் பெயரோடு சேர்த்து 'அவுகுஸ்தா பெருசியா' என்று பொறிக்கப்பட்டது. அந்த எழுத்துகளை இன்றும் அங்கே வாசிக்கலாம்.