டீசல் ஃபில்டர் மாத்தின பொறவு விசைப்படகு எஞ்சின் மூணு நிமிஷத்துல நிக்குது, ஏர் போவமாட்டேங்குது

குளச்சல் தம்பி:
அண்ணமாரே அவசரம். சித்தப்பாவுக்க விசைப்படகு, 6 சிலிண்டர், நாசிலுக்கு டீசல் அடிக்கது பழைய மாடல் லைன் பம்பு. ஜூலை 31-ஓட தடைக்காலம் முடியுது, இன்னும் ரெண்டு நாளுதான் கெடக்கு, ஐஸ் வரைக்கும் சொல்லி வச்சாச்சு. நேத்து ஆயில் மாத்தின கையோட டீசல் ஃபில்டர் ரெண்டையும் மாத்தினோம், தண்ணி பிரியுற கிண்ணம் உள்ளதும் பம்புக்குப் பக்கத்துல உள்ளதும். ஸ்டார்ட் ஆச்சு, மூணு நிமிஷம் நல்லா ஓடிச்சு, பொறவு ஏங்கி ஏங்கி நின்னுபோச்சு. இப்ப செல்ஃப் அடிச்சா சுத்துது, பிடிக்கல. கைப்பம்பு அடிச்சு அடிச்சு பெருவிரல் பொத்துப்போச்சு. என்ன செய்யணும்?

முட்டம் டிரைவர்:
தம்பி மொதல்ல செல்ஃப் அடிக்கத நிறுத்து. ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல அடிக்காத, ஒரு நிமிஷம் ஆற விடு, இல்லேன்னா பேட்டரியும் போவும் செல்ஃப் மோட்டாரும் போவும். டேங்கு வால்வு முழுசா தொறந்திருக்கா, ஸ்டாப் லிவர் இழுத்தபடி நிக்குதான்னு பாரு, அவசரத்துல அதை மறந்தவங்க நெறைய பேரு.
பொறவு டேங்குப் பக்கத்துலேர்ந்து வரிசையா வா. ஃபில்டர் தலையில உள்ள ஏர் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து லூஸ் பண்ணி, கீழ ஒரு டப்பா வச்சு, கைப்பம்பு அடி. நுரை போயி டீசல் தெளிஞ்சு வந்தா பம்பு அடிச்சபடியே டைட் பண்ணு. அடுத்து எஃப்ஐ பம்புல, அதான் ஒனக்க லைன் பம்புல, உள்ள ஸ்க்ரூ, அதே மாதிரி. கடைசியாத்தான் சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற நாசிலுக்குப் போற பைப்பு. லிவர் வச்ச கைப்பம்புன்னா சில நேரம் அடிச்சா கனமே இருக்காது, உள்ள பம்பைத் தள்ளுற கேம் மேட்டுல நிக்குதுன்னு அர்த்தம், எஞ்சினை ஒரு சுத்து திருப்பிவிட்டு அடி.

குளச்சல் தம்பி:
வால்வு, லிவர் ரெண்டும் சரி அண்ணே. மொத ஸ்க்ரூவிலேயே மாட்டிக்கிட்டேன். கால்மணி நேரமா அடிக்கேன், சோப்பு நுரை மாதிரி வெள்ளையா வந்துக்கிட்டே இருக்கு. வெளிய எங்கயும் ஒரு சொட்டு ஒழுகல்ல, துணி வச்சுத் தொடச்சும் பாத்தேன்.

தேங்காப்பட்டணம் மெக்கானிக்:
மக்கா, ஒழுகாததுதான் வெனை கேட்டியா. டேங்குலேர்ந்து டீசலை இழுக்குற ஃபீட் பம்பு வரைக்கும் உள்ள லைனு உறிஞ்சுற லைனு, அதுல ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போவும். டேங்குல எவ்வளவு கெடக்கு? தடைக்காலத்துல அடியிலதான் கெடக்கும், டேங்கு நெறைஞ்சிருந்தா டீசல் மட்டம் ஃபில்டருக்கு மேல நின்னு இதே எடத்துல கசிஞ்சு காட்டிக்குடுத்திருக்கும்.
இப்ப ஒண்ணு செய். டேங்கு லைனைக் களட்டிட்டு ஒரு சுத்தமான கேன்ல டீசல் ஊத்தி, புது ஹோஸ் போட்டு நேரா ஃபீட் பம்புக்குக் குடு. நுரை நின்னுட்டுன்னா பம்பு நல்லாருக்கு, கோளாறு கிண்ணத்துலயோ அதுக்கு முன்னால உள்ள ஹோஸ்லயோதான். அப்ப கிண்ணத்தைக் களட்டி மேல தலையில வெரலை விட்டு சுத்தி தடவிப் பாரு, பழைய ரப்பர் ரிங்கு ஒட்டிக்கிட்டு கெடந்து அதுக்கு மேலயே புது ரிங்கு உக்காந்திருக்கும். நான் பாத்த கேஸ்ல பாதி இதுதான். காப்பர் வாஷரும் பழசைப் போட்டிருந்தா மாத்திரு, நசுங்கின வாஷர் ரெண்டாவது தடவை ஒழுங்கா பிடிக்காது.

குளச்சல் தம்பி:
அண்ணே நீங்க சொன்னபடிதான்! கேன்ல போட்ட ஒடனே தெளிஞ்சு வந்துச்சு. கிண்ணத்தைக் களட்டினா பழைய ரிங்கு கறுத்து தட்டையா தலையோட ஒட்டிக் கெடக்கு, கண்ணுக்குத் தெரியவே இல்ல, நகம் பட்டதும்தான் பிரிஞ்சுது. எடுத்துட்டு கிண்ணத்துல டீசல் நெறைச்சு மாட்டினேன், ரெண்டு ஸ்க்ரூவும் தெளிஞ்சாச்சு. ஆனா இன்னும் பிடிக்கல.

முட்டம் டிரைவர்:
நாசில் பைப்புல காத்து கெடக்கும். நாசில் பக்கத்து நட்டு ரெண்டு மூணை அரைச் சுத்து லூஸ் பண்ணு, ஸ்டாப் லிவர் உள்ள இருக்கட்டும், ஆக்ஸிலேட்டரை முழுசா வச்சு ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லு. டீசல் துள்ளித் துள்ளி வந்ததும் டைட் பண்ணு, பிடிச்ச ஒடனே ஆக்ஸிலேட்டரைக் கொற. கையைக் குடுத்துப் பாக்காத, அந்த பிரஷர்ல டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிரும், வெளிய சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா வெரலையே எடுக்க வேண்டி வந்துரும். முகத்தையும் கிட்ட கொண்டுபோவாத. வேற யாரும் இதைப் படிச்சா, எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில பெரிய பிரஷர்ல டீசல் நிக்குற காமன் ரெயில் எஞ்சின்ல இந்த நட்டைத் தொடவே கூடாது.

குளச்சல் தம்பி:
பிடிச்சுட்டு அண்ணே!! மொத மூணு சிலிண்டர்ல தடதடன்னு ஒதறிச்சு, நட்டை டைட் பண்ணப் பண்ண சத்தம் ஒண்ணாச்சு. ஒரு மணி நேரமா ஓடுது, கட்டின கயித்தோடயே லோடும் குடுத்துப் பாத்தாச்சு. சித்தப்பா பேசாம நின்னு கேட்டுட்டு இப்பதான் டீக்குடிக்கப் போனாரு.

தேங்காப்பட்டணம் மெக்கானிக்:
சந்தோஷம் மக்கா. நாளைக்குக் காலைல ஸ்டார்ட் பண்ணதுக்கு முன்னால கிண்ணத்துக்க அடியில தண்ணி நிக்குதான்னு பாத்து வடிச்சு விடு, ரெண்டு மாசம் அரைக்கொறையா கெடந்த டேங்குல கட்டாயம் தண்ணி வேர்த்திருக்கும். வடிச்ச பொறவு ஏர் ஸ்க்ரூவுல ஒரு தடவை கைப்பம்பு அடிச்சுப் பாத்துட்டு எடு. டப்பால பிடிச்ச டீசலை ஹார்பர் தண்ணியில கொட்டிராத.