கிரேஸி மோகனை மேடையில் பார்க்காதவர்கள் அவரைப் பார்த்ததாகச் சொல்லலாமா?

மாம்பலம் ரசிகன்:
கிரேஸி மோகன் 2019 ஜூன் 10 அன்று இறந்தபோது நான் பார்த்த சேனல்களில் எல்லாம் கமல் படக் காட்சிகளையே மாற்றி மாற்றி ஓட்டினார்கள். அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. அவர் சினிமாவுக்கு வசனம் எழுதிய மனிதர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வீடு மேடை. கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, நல்ல கம்பெனி வேலையில் இருந்தவர். 1976-ல் எஸ்.வி.சேகர் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதியதில்தான் 'கிரேஸி' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979-ல் சொந்தக் குழு. அப்புறம் நாற்பது வருஷம், சினிமாவில் எவ்வளவு பிஸியாக இருந்தாலும் நாடகத்தை விடவே இல்லை. அந்த நாடகங்களைச் சென்னையில் வாணி மஹால், நாரத கான சபா போன்ற அரங்குகளில் உட்கார்ந்து பார்க்காமல், டிவியில் பார்த்துவிட்டு "எனக்குக் கிரேஸி மோகனைத் தெரியும்" என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிவியில் வந்தது நாடகத்தின் போட்டோ மட்டும்தான்.

புதுகை மீனா:
சார், நான் புதுக்கோட்டைக்காரி. எங்கள் ஊரில் ஏது நாரத கான சபா? என் பாட்டி ராத்திரியில் வீட்டை விட்டு எங்கேயும் போனதில்லை. அவருக்கு இருந்த ஒரே மேடை கூடத்தில் இருந்த சாலிடேர் டிவிதான். தூர்தர்ஷனில் செவ்வாய்க்கிழமை நாடகம் என்றால் அன்று சாயந்திரமே சமையல் முடிந்துவிடும். பின்னாளில் ஜெயா டிவியில் 'விடாது சிரிப்பு' வந்தபோது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. வசனத்தைக் காதால் கேட்டே சிரித்தார். அவர் கிரேஸி மோகனைத் தெரிந்துகொள்ளவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? சேகர் நாடகங்கள் கேசட்டில் வந்து கல்யாண வீடுகளில் ஓடியதே, அதைக் கேட்டவர்களும் ரசிகர்கள் இல்லையா? சபா டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கலை என்று எழுதி வைத்திருக்கிறதா?

வெற்றுமேடை:
இரண்டு பேரும் மேடையா டிவியா என்று சண்டை போடுகிறீர்கள். என் கேள்வி வேறு. மோகன் எழுதியதில் நாடகம் எங்கே இருக்கிறது? வெறும் ஜோக்குகளைக் கோத்த துணுக்குத் தோரணம் என்று அந்தக் காலத்திலேயே விமர்சகர்கள் சொன்னார்கள், அது சரிதான். ஒரு ஜோக்கை எடுத்துவிட்டால் அடுத்த ஜோக் பாதிக்கப்படாது. 1980-ல் கோமல் சுவாமிநாதன் தண்ணீர் இல்லாத ஒரு கிராமத்தை 'தண்ணீர் தண்ணீர்' என்று மேடை ஏற்றினார். அதையும் இதே சபாக்காரர்கள்தான் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களால் அதைத் தாங்க முடிந்தது. பிறகு ஏன் இரண்டு மணி நேரச் சிரிப்பு மட்டும் போதும் என்று ஆகிவிட்டது? மோகனின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் வருத்தமும் அதிகம்.

மாம்பலம் ரசிகன்:
வெற்றுமேடை, ஒரு ஜோக்கை எடுத்தால் அடுத்தது பாதிக்கப்படாது என்பது தவறு. அவருடைய நாடகங்களில் நாயகன் மாது ஒரு பொய் சொல்வான். அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். ஒரு வார்த்தையை ஒருவர் தப்பாகக் காதில் வாங்குவார், அந்தத் தப்பின்மேல் அடுத்த காட்சியே நிற்கும். 'சாக்லேட் கிருஷ்ணா'வில் மாதுவுக்கு உதவ கிருஷ்ணரே இறங்கி வருகிறார். அந்தக் கிருஷ்ணராக மோகனே வந்து நிற்கும்போது பக்தியும் கிண்டலும் ஒன்றையொன்று காயப்படுத்தாமல் போகும். அது சின்ன வேலை இல்லை. கதாநாயகிக்கு எப்போதும் ஜானகி என்று பெயர் வைப்பாரே, அது தன்னை முதலில் மேடை ஏற்றிய பள்ளி ஆசிரியையின் பெயர். சாகும்வரை அந்த நன்றியை மறக்காத மனிதர் மேடையை விளையாட்டாகவா எடுத்துக்கொண்டிருப்பார்?

வெற்றுமேடை:
நன்றி பெரிய குணம், மறுக்கவில்லை. ஆனால் குணத்தை வைத்து நாடகத்தை அளக்க முடியாது.

மூணாவது மணி:
நான் இருபது வருஷம் ஓர் அமெச்சூர் குழுவில் நடித்தவன். பகலில் பாங்க், சனி ஞாயிறு நாடகம். எங்கள் நாடகம் ஒன்றை ஒரு சேனலுக்காக ஸ்டுடியோவில் எடுத்தார்கள். அன்று பட்ட அவஸ்தையைச் சொல்கிறேன்.

நகைச்சுவை நாடகத்தில் வசனத்தைவிட, வசனத்துக்கு அப்புறம் சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஜோக் விழுந்ததும் சிரிப்பு ஏறும். உச்சிக்குப் போய் இறங்கும். இறங்க ஆரம்பிக்கும்போது அடுத்த வசனத்தை எடுக்க வேண்டும். முன்னாடி எடுத்தால் வசனம் யார் காதிலும் விழாது. முழுக்க அடங்கின பிறகு எடுத்தால் வேகம் செத்துவிடும். இந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் மாறும். ஸ்டுடியோவில் எதிரே மூன்று காமிராவும் ஒரு ஃபேனும்தான். பழக்கத்தில் சிரிப்புக்காக நிறுத்துகிறோம், சிரிப்பு வரவில்லை. இயக்குநர் "ஏன் சார் நிக்கறீங்க?" என்றார். பிறகு எடிட்டிங்கில் சிரிப்புச் சத்தம் ஒட்டினார்கள். எல்லா ஜோக்குக்கும் ஒரே சிரிப்பு. அதனால் மாம்பலம் சார் சொல்வது எனக்குப் புரிகிறது. இந்தக் கலையில் பாதி பார்வையாளர்கள் கையில் இருக்கிறது, வெற்றுமேடை. புத்தகத்தில் படித்தால் தோரணமாகத்தான் தெரியும்.

ஆனால் மீனா கேட்டதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். எங்களைப் போன்ற குழுக்களில் எல்லாருக்கும் திங்கட்கிழமை ஆபீஸ். புதுக்கோட்டைக்கு செட்டோடு வந்து போக லீவு கிடைக்காது. சபா கொடுக்கும் தொகையில் வேன் வாடகைக்குக்கூடச் சில நேரம் இழுபறி. நாங்கள் வராத ஊர்களுக்கு டிவிதான் போனது.

புதுகை மீனா:
நன்றி சார். நீங்கள் சொன்ன பிறகுதான் ஒன்று விளங்குகிறது. குறை டிவியில் இல்லை, ஆளில்லாத ஸ்டுடியோவில் வைத்து எடுத்ததில் இருக்கிறது. நிறைந்த அரங்கில், ஜனங்கள் சிரிப்பதையும் சேர்த்து, முழு நாடகத்தையும் அப்படியே எடுத்திருந்தால் பாட்டிக்குப் பாதியாவது கிடைத்திருக்கும். இன்றைக்கு போனில் இரண்டு நிமிடத் துண்டுகளாக வருகிறதே, அதில் எனக்கும் உடன்பாடு இல்லை. பொய் மேல் பொய் ஏறுவது இரண்டு நிமிடத்தில் தெரியாது.

மாம்பலம் ரசிகன்:
அரங்கப் பதிவு என்றால் நானும் உன் பக்கம்தான் அம்மா. முதலில் 'போட்டோ' என்று எழுதியதை உன் பாட்டிக்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் நேரில் பார்ப்பது வேறு என்பதில் மாற்றமில்லை. அவர் போன பிறகும் தம்பி மாது பாலாஜியும் குழுவும் நாடகங்களை விடாமல் நடத்துகிறார்கள். சென்னைக்கு வந்தால் ஒன்றாவது பார்.

வெற்றுமேடை:
நானும் பார்க்கிறேன். சிரிக்கவும் செய்வேன். 'தண்ணீர் தண்ணீர்' பற்றி நான் கேட்டதற்கு மட்டும் இங்கே இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.