எச்ஐவி பரிசோதனை நல்லது என்கிறார்கள், ஆனால் உள்ளே வர மாட்டேன் என்கிறார்களே, ஏன்?

கேள்வி – மூன்றாம் ஆண்டு மாணவன்

போன வாரம் எங்கள் பல்கலைக்கழகத்தில் எச்ஐவி ஆலோசனையும் பரிசோதனையும் இலவசமாக நடந்தது. நான் தன்னார்வலராக வாசல் மேசையில் உட்கார்ந்திருந்தேன். காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொன்னபோது எல்லாரும் "நல்ல விஷயம், கட்டாயம் செய்யணும்" என்றார்கள். கொசு கடித்தால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, இதெல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் சாயங்காலம் வரை உள்ளே வந்தவர்கள் ஒன்பது பேர்தான். படி வரை வந்துவிட்டு, யாரோ போனில் கூப்பிட்டதுபோல் அப்படியே திரும்பிப் போனவர்கள் அதைவிட அதிகம். அறைத் தோழனைக் கூப்பிட்டால் "நான் அப்படிப்பட்டவன் இல்லையே" என்கிறான். எதுதான் தடுக்கிறது? உங்களில் யாராவது போயிருக்கிறீர்களா?

பதில் – முதுகலை மாணவி

போயிருக்கிறேன், மூன்றாவது தடவைதான் உள்ளே போனேன். முதல் இரண்டு தடவையும் வாசலில் ஒரு நோட்டை நீட்டி பேரும் துறையும் எழுதச் சொன்னார்கள். மேலே எழுதியிருந்ததில் நான்கு பேர் எனக்குத் தெரிந்தவர்கள், அடுத்து வருகிறவர் என் பேரையும் இப்படித்தானே படிப்பார் என்று பேனாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் வெளியே ஒரு மையத்துக்குப் போனேன், அங்கே பேருக்குப் பதில் ஒரு எண்தான். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அங்கே இருந்த ஆலோசகர் அக்கா, "பாசிட்டிவ் என்று வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒரு பேர்கூட வாயில் வரவில்லை. நெகட்டிவ்தான் வந்தது, இருந்தாலும் அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

பதில் – ஆலோசகர்

தம்பி, உங்கள் நண்பர் சொன்ன "அப்படிப்பட்டவன்" என்ற வார்த்தையைத்தான் நான் தினமும் கேட்கிறேன். பிறக்கும்போதே தாயிடமிருந்து எச்ஐவி வந்து, மருந்து எடுத்துக்கொண்டு, வளர்ந்து, இன்று கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அப்படி ஒரு பிள்ளை இந்த வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்கும்? சிகிச்சையைத் தொடர்ந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. படித்தவர்களில்கூட நிறைய பேருக்கு இது தெரியவில்லை.

இன்னொன்று, தொற்று வர வாய்ப்புள்ள ஏதாவது நேற்று நடந்திருந்தால், இன்றே டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று நிம்மதியாகிவிடக் கூடாது. விரல் நுனி டெஸ்டில் தெரிய 3 மாதம் வரை ஆகலாம். ஆபத்து நடந்தது நேற்றோ முந்தாநாளோ என்றால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள், 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடுகிற தடுப்பு மருந்து இருக்கிறது. முதல் டெஸ்டில் பாசிட்டிவ் காட்டினாலும் அதுவே முடிவில்லை, வேறு டெஸ்ட்களாலும் உறுதி செய்த பிறகுதான் சொல்வார்கள்.

பதில் – இரண்டாம் ஆண்டு மாணவி

நாங்கள் நான்கு தோழிகள் சேர்ந்து போனோம், தைரியமாக இருந்தது. ஆனால் ஒருத்திக்கு விருப்பமே இல்லை, எங்களுக்காக வந்தாள். திரும்பும்போது ரிசல்ட்டை எல்லாரும் காட்டினோம், அவள் மட்டும் காட்டவில்லை. அவளைக் கேட்டிருக்கவே கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

பதில் – ஆலோசகர்

சேர்ந்து வாருங்கள், தப்பில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ரிசல்ட்டும் அவளுடையது மட்டும்தான்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. எங்கள் மேசையிலும் அந்த நோட்டு இருந்தது, எல்லாரிடமும் பேர் எழுதி வாங்கியதே நான்தான். அடுத்த முறை எண் மட்டும் போதும் என்று பொறுப்பாளரிடம் இன்று பேசினேன், ஒத்துக்கொண்டார். பழைய நோட்டை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறேன்.