குடியேறிய பெண்களுக்கு அமெரிக்கச் சட்டம் காவலா, தளையா?

நெசவாளர்மகள் (தொடக்கப் பதிவு):

1892இல் நியூயார்க் துறைமுகத்தில் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில், துணையின்றி வந்திறங்கிய பெண்ணைத் தனியே நகருக்குள் விடும் வழக்கம் இல்லை. தந்தையோ கணவனோ உடன்பிறந்தானோ நேரில் வந்து அழைத்துச் செல்லும்வரை, அல்லது உறவினரிடமிருந்து தந்தியோ பயணச்சீட்டோ வந்து சேரும்வரை, அவள் அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டாள். மணம் பேசி வரவழைக்கப்பட்ட பெண்களில் பலர், அந்த வளாகத்திலோ அருகிலோ திருமணம் முடிந்த பிறகே விடுவிக்கப்பட்டனர். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் அதே அளவு பணத்தை முடிந்துகொண்டு வந்த இளைஞனோ, மருத்துவச் சோதனையும் விசாரணையும் முடிந்ததும் படகேறிப் போய்விடுவான். அரசுக்குச் சுமையாகக்கூடியவர்களை நுழையவிடாமல் தடுக்கலாம் என்று 1882இன் குடியேற்றச் சட்டம் கூறியது; தனியாக வரும் பெண்ணும், கைக்குழந்தையோடு வரும் கைம்பெண்ணும், மணமாகாமல் கருவுற்றவளும் அந்தப் பிரிவின் கண்ணுக்கு எளிதில் தென்பட்டார்கள்.

இதை அக்காலத்தவர் பாதுகாப்பு என்றே எண்ணினர்; இன்றும் அப்படி எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைக் கண்காணிக்க அரசு எடுத்துக்கொண்ட அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, அவள் வேலை செய்த இடத்தில் அவள் உயிரைக் காக்க எடுத்துக்கொள்ளவில்லை. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, நியூயார்க்கின் ஆஷ் கட்டடத்தில் எட்டு, ஒன்பது, பத்தாம் தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தனர். அவர்களுள் 123 பேர் பெண்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடியிருப்புகளிலிருந்தும் வந்த இளம்பெண்கள். துணி திருட்டுப் போய்விடும் என்று சொல்லி, வேலை முடிந்து போவோரின் கைப்பைகளைச் சோதிப்பதற்காக ஒன்பதாம் தளத்தின் ஒரு கதவு பூட்டி வைக்கப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் தளத்துக்கு மேல் எட்டவில்லை. பத்தாம் தளத்தில் இருந்த முதலாளிகள் இருவரும் மொட்டைமாடி வழியாகத் தப்பினர். அதே ஆண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்தக் கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை என்பது அதற்குக் காரணம். 1914இல் இழப்பீடு கேட்ட உரிமையியல் வழக்கில் உடன்பாடு ஏற்பட்டபோது, இறந்த ஒருவருக்கு 75 டாலர் என்று கணக்குத் தீர்ந்தது.

துறைமுகத்தில் அவளுக்கு அத்தனை காவல் போட்ட நாடு, அந்தக் கதவை ஏன் ஒருமுறைகூடத் தள்ளிப் பார்க்கவில்லை என்பதே என் கேள்வி.

வைகைக்கரை:

அம்மா, டிரையாங்கிள் தீயைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் காவல் இல்லாததைக் காட்டி, துறைமுகக் காவல் தேவையற்றது என்று நிறுவ முடியாது. அந்தக் காவல் எந்த ஆபத்துக்காக ஏற்பட்டது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கப்பல். குடியேற்றத்தை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் 1907இல் அமைத்த டில்லிங்ஹாம் ஆணையத்தின் சார்பில் ஆன்னா ஹெர்க்னர் என்ற பெண், பொஹீமியக் குடியேறி போல வேடமிட்டுக் கப்பலின் கீழ்த்தளத்தில் பயணம் செய்து அறிக்கை எழுதினார். கப்பல் ஊழியர்களும் உடன்வந்த ஆண்களும் பெண்களிடம் நடந்துகொண்ட முறையைப் படிப்பவர்கள், பயணம் முழுவதும் அவர்கள் எவ்வளவு அஞ்சி ஒடுங்கியிருப்பார்கள் என்று உணர முடியும். அடுத்து, நகரம். 1908இல் சிகாகோவில் தொடங்கப்பட்ட குடியேறிகள் பாதுகாப்புச் சங்கம், கிரேஸ் ஆபட் தலைமையில், அந்நகருக்குச் செல்வதாகச் சொல்லி வந்திறங்கிய பெண்களின் பட்டியலைப் பெற்று வீடுவீடாகத் தேடியது. கொடுத்த முகவரியில் பலர் கிடைக்கவில்லை. சிலருடைய முகவரி தவறாக எழுதப்பட்டிருந்தது. சிலரை இரவு நேரத்தில் வண்டிக்காரர்கள் வேறெங்கோ இறக்கிவிட்டிருந்தனர். சிலர் என்ன ஆனார்கள் என்பது கடைசிவரை தெரியவில்லை. மொழி தெரியாத பதினேழு வயதுப் பெண்ணை, நள்ளிரவில் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, இது உன் சுதந்திரம் என்று சொல்வதா நியாயம்?

சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனுக்கு வாருங்கள். சீனாவில் விலைக்கு வாங்கப்பட்ட சிறுமிகள், வணிகரின் மனைவி என்றும் மகள் என்றும் பொய்த் தாள்களோடு கொண்டுவரப்பட்டு, வீட்டு அடிமைகளாகவும் விபசார விடுதிகளிலும் வைக்கப்பட்டனர். சாக்ரமெண்டோ தெருவின் பிரஸ்பிட்டேரியன் இல்லத்தை நடத்திய டொனால்டினா கேமரன், காவலர்களைக் கூட்டிக்கொண்டு கதவுகளை உடைத்துத்தான் அவர்களை மீட்டார். மீட்கப்பட்ட பெண்மீது நகை திருடியதாகப் பொய்வழக்குப் போட்டு அவளைத் திரும்பப் பெறும் தந்திரமும் உரிமையாளர்களிடம் இருந்தது. இது செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கிய பீதி அன்று. இந்தப் பெண்களுக்குக் காவல் தேவைப்பட்டது.

கீழ்த்திசை:

பேச்சு பசிபிக் கரைக்கு வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஐயா சொன்ன கொடுமைகள் உண்மை. ஆனால் அவை ஏன் அங்கே வேரூன்றின என்பதையும் சொன்னால்தான் படம் முழுமை பெறும். 1875இன் பேஜ் சட்டம், விபசாரத்துக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதாகச் சொல்லி, ஹாங்காங்கிலேயே சீனப் பெண்களை ஒழுக்க விசாரணைக்கு உட்படுத்தியது. அதனால் குடும்பப் பெண்களும் வர அஞ்சினர். 1882இன் விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர் வருவதையே அடைத்தது. ஏற்கெனவே அங்கிருந்த தொழிலாளியாலும் தன் மனைவியை அழைத்துக்கொள்ள முடியவில்லை. ஆண்கள் மட்டுமே நிறைந்த ஒரு சமூகத்தைச் சட்டமே உருவாக்கியது. அந்தச் சமூகத்தில் பெண்ணைக் கடத்தி விற்பது பெருலாபம் தரும் தொழிலாயிற்று. பெண்களைக் காப்பதாகச் சொன்ன சட்டம் கடத்தல்காரனுக்குச் சந்தையை அமைத்துக் கொடுத்தது என்பதே என் வாதம். கேமரன் அம்மையாரின் துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும் அவருடைய இல்லத்திலும் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கிறித்தவக் குடும்ப வாழ்வுக்கு ஏற்றவளாக அந்தப் பெண்ணை வளர்த்து மணம் முடித்துவைப்பதே மீட்பின் நிறைவாகக் கருதப்பட்டது.

ஜப்பானியப் பெண்களின் நிலை வேறு. 1907-08 காலத்தில் அமெரிக்காவும் ஜப்பானும் செய்துகொண்ட உடன்பாடு தொழிலாளரின் வருகையைத் தடுத்தது. ஏற்கெனவே அங்கிருந்தவர்களின் மனைவியர் முதலான குடும்பத்தாரை அனுமதித்தது. புகைப்படம் பார்த்து ஊரிலேயே பதிவுத் திருமணம் செய்யப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பலேறினர். இறங்கியபோது, படத்தில் கண்ட இளைஞனுக்குப் பதில் பத்துப் பதினைந்து வயது மூத்த ஒருவர் அதே படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது பலருக்கு நேர்ந்தது. திரும்பிப் போகக் கையில் பணமில்லை. பிறந்த வீட்டுக்கு அவமானம். விடியுமுன் சமைத்து, பகலெல்லாம் வயலில் உழைத்து, இரவில் துணி துவைத்து வாழ்ந்த அவர்களுடைய துன்பத்துக்கு எந்தச் சட்டமும் பெயர் வைக்கவில்லை. 1920இல் ஜப்பான் அவர்களுக்குக் கடவுச்சீட்டு வழங்குவதை நிறுத்தியதும்கூட, அமெரிக்காவின் இனவெறிக் கூச்சலுக்குப் பணிந்ததால்தான். அந்தப் பெண்களின் நலம் கருதி அன்று.

நம் நாட்டிலிருந்து போன பெண்கள் மிகச் சிலரே. அன்று இந்தியாவில் இருந்த பெஷாவரிலிருந்து 1915இல் கணவரோடும் மூன்று ஆண் குழந்தைகளோடும் சான் பிரான்சிஸ்கோ வந்திறங்கிய கலா பாகாயை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெர்க்லியில் வாங்கிய வீட்டுக்குக் குடிபோன நாளில், அக்கம்பக்கத்தார் அவர்கள் நுழைய முடியாதபடி வீட்டைப் பூட்டி வைத்திருந்தனர். இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் கணவரின் குடியுரிமை பறிபோயிற்று. 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். மூன்று பிள்ளைகளோடு தனித்து நின்ற அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த ஆபத்து எந்தத் தெருமுனையிலிருந்து வந்தது? அரசு அலுவலகத்திலிருந்து வந்தது.

பொன்னேடு:

இதுவரை பேசிய மூவரும் இந்தப் பெண்களைக் காக்கப்பட வேண்டியவர்களாகவோ கைவிடப்பட்டவர்களாகவோ மட்டுமே காட்டியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தம். 1909 நவம்பர் 22 அன்று நியூயார்க்கின் கூப்பர் யூனியன் அரங்கில், தலைவர்கள் நீண்ட நேரம் பேசிக்கொண்டே போக, உக்ரைனில் பிறந்த கிளாரா லெம்லிச் என்ற இளம்பெண் மேடையேறி, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் பொது வேலைநிறுத்தத்தை முன்மொழிந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அடியாட்கள் அவருடைய விலா எலும்புகளை உடைத்திருந்தனர். இருபதாயிரம் பேர் அளவில் ஆடைத் தொழிலாளர் தெருவுக்கு வந்தனர். மிகப் பெரும்பாலோர் பெண்கள். பல நிறுவனங்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. டிரையாங்கிள் நிறுவனம் சங்கத்தை ஏற்க மறுத்துவிட்டது.

மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரத்து ஆலைப் பெண்கள் 1912இல் செய்ததும் அதுவே. வார வேலைநேரத்தை 56 மணியிலிருந்து 54 மணியாகச் சட்டம் குறைத்தது. ஆலைகள் அதற்கேற்பக் கூலியையும் வெட்டின. குளிர்காலத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அன்னா லோபிட்சோ என்ற இத்தாலியப் பெண் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்பிவைக்க ரயில் நிலையம் வந்த தாய்மாரைக் காவலர்கள் பிப்ரவரி 24 அன்று அடித்து இழுத்துச் சென்றனர். அதன்பின் நாடாளுமன்றக் குழுவின் முன் கமெல்லா தெயோலி என்ற பதினான்கு வயதுச் சிறுமி, எந்திரத்தில் முடி சிக்கித் தன் உச்சந்தோல் பிய்ந்துபோனதையும், ஏழு மாதம் மருத்துவமனையில் கிடந்ததையும், மருத்துவச் செலவைக் கொடுத்த ஆலை அந்த மாதங்களுக்குக் கூலி தராததையும் தன் வாயாலேயே சொன்னாள். கூலி உயர்வோடு அந்தப் போராட்டம் வென்றது. அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பில் பெரும்பகுதியை அவர்களே ஈட்டினார்கள்.

நெசவாளர்மகள்:

பொன்னேடு அவர்கள் குறிப்பிட்ட 1909 வேலைநிறுத்தத்திலிருந்தே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறேன். ஆலை வாசலில் மறியல் செய்த பெண்களைத் தாக்க, முதலாளிகள் அடியாட்களோடு விலைமாதரையும் கூலிக்கு அமர்த்தினர். அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட தொழிலாளிப் பெண்களைக் காவலர்கள் கைது செய்தனர். சிலரை நீதிபதிகள் பிளாக்வெல்ஸ் தீவின் உழைப்புச் சிறைக்கே அனுப்பினர். கடவுளுக்கும் இயற்கைக்கும் எதிராக வேலைநிறுத்தம் செய்கிறாய் என்று ஒரு நீதிபதி அவர்களில் ஒருத்தியிடம் கூறினார். கூலி கேட்டுத் தெருவில் நிற்கும் பெண்ணையும் ஒழுக்கம் கெட்டவளையும் ஒரே கண்ணால் பார்க்கும் அதிகாரத்திடம், ஒழுக்கத்தைக் காக்கும் சட்டத்தையும் ஒப்படைத்தால் அது யார்மீது பாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விபசாரத்தில் ஈடுபட்ட குடியேறியை வந்திறங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் நாடுகடத்தலாம் என்று 1907இன் சட்டம் கூறியது; 1910இல் அந்தக் கால வரம்பும் நீக்கப்பட்டது. ஏமாற்றி விற்கப்பட்டவளுக்கும் அதே தண்டனைதான். அதே 1910இல், இளைய ராக்பெல்லர் தலைமையில் நியூயார்க்கில் கூடிய, குற்றச்சாட்டுகளை ஆராயும் பெருநடுவர் குழு, பெண்களைக் கடத்துவதற்கென்றே இயங்கும் ஒருங்கிணைந்த அமைப்பு எதையும் காணவில்லை என்றது. தனியாட்கள் இத்தொழிலில் இருப்பதை மட்டுமே உறுதிசெய்தது. அதற்கு முன்பே பெண் கடத்தல் பற்றிய பீதி நாடு முழுவதும் பரவிவிட்டது. விபசாரத்துக்காகப் பெண்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதைத் தடைசெய்த மேன் சட்டம் பிறந்துவிட்டது.

குடியுரிமையைப் பாருங்கள். மணமான பெண்ணின் குடியுரிமை கணவனுடையதையே பின்தொடர்ந்தது. 1907இன் சட்டப்படி அயல்நாட்டானை மணந்த அமெரிக்கப் பெண்ணே குடியுரிமை இழந்தாள். 1915இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. அரசின்மைவாதப் பேச்சாளரான எம்மா கோல்ட்மனை வெளியேற்ற விரும்பிய அரசு, 1909இல் அவருடைய முன்னாள் கணவரின் குடியுரிமையை ரத்துசெய்து, அதன் வழியாக அவருடையதையும் பறித்தது. 1919 டிசம்பரில் அவர் கப்பலேற்றப்பட்டார். கணவன் கைவிட்டுப் போவது எவ்வளவு பரவலாக இருந்ததென்றால், நியூயார்க்கின் யிட்டிஷ் நாளிதழ் ஒன்று ஓடிப்போன கணவர்களின் படங்களைத் தொடர்ந்து வெளியிட்டது. 1911இல் அவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு யூத அமைப்பு நிறுவப்பட்டது. பெண்ணின் உரிமை முழுவதையும் அப்படி ஓடிப்போகக்கூடிய ஒருவனோடு கட்டிவைத்ததைக் காவல் என்று என்னால் ஏற்க இயலாது.

வைகைக்கரை:

நீங்கள் ஒரே சட்டகத்துக்குள் இரண்டு வேறு சட்டங்களை அடைக்கிறீர்கள். ஒழுக்கக் காவலைக் கேட்ட சீர்திருத்தவாதிகள்தாம் தொழிற்சாலைக் காவலையும் கேட்டார்கள். சலவைத் தொழிலில் பெண்ணை ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற ஆரிகன் மாநிலச் சட்டத்தை 1908இல் உச்ச நீதிமன்றம் ஏற்றபோது, தாய்மையும் உடல்நலமும்தான் காரணமாகக் காட்டப்பட்டன. டிரையாங்கிள் தீயைத் தெருவில் நின்று நேரில் பார்த்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ், அதன்பின் அமைந்த நியூயார்க் தொழிற்சாலை விசாரணை ஆணையத்தோடு உழைத்தார். சில ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. பெண் காக்கப்பட வேண்டியவள் என்ற எண்ணமே இல்லாதிருந்தால், அந்தக் காலத்து நீதிமன்றங்கள் எந்தத் தொழிலாளர் சட்டத்தையும் எளிதில் விட்டுவைத்திருக்கமாட்டா. குறைபட்ட கருவி என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்வேன். எறிய வேண்டிய கருவி என்று சொன்னால், சிகாகோவில் தொலைந்துபோன பெண்களுக்கு உங்கள் விடை என்ன என்று மறுபடியும் கேட்பேன்.

நெசவாளர்மகள்:

பெர்கின்ஸ் முதலானோர் உழைத்துப் பெற்ற சட்டங்கள், பயிற்சிக்காகத் தீ ஒத்திகை நடத்து, கதவைப் பூட்டாதே, தண்ணீர் தெளிக்கும் குழாய்களை அமை என்று முதலாளிக்கு ஆணையிட்டன. எல்லிஸ் தீவின் விதி பெண்ணைப் பார்த்து நில் என்றது. யாரைக் கட்டுப்படுத்தியது என்பதில் இரண்டும் நேர்மாறானவை. கேட்டவர்கள் ஒருவரே என்பதால் அவை ஒன்றாகிவிடா. அதிலும், டிரையாங்கிள் முதலாளிகளில் ஒருவர் 1913இல் மீண்டும் தன் தொழிற்சாலைக் கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டபோது, அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 20 டாலர்.

சிகாகோ பற்றிய உங்கள் கேள்விக்கு அந்தச் சங்கத்தின் வேலைமுறையிலேயே விடை இருக்கிறது. அவர்கள் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காத்திருப்பறை வைத்தார்கள். இறங்குவோரின் தாய்மொழி பேசும் பெண்களை வேலைக்கு அமர்த்தினார்கள். முகவரியைச் சரிபார்த்து, கொண்டுபோய்ச் சேர்த்து, பிறகு வீட்டுக்கும் சென்று நலம் கேட்டார்கள். உதவி தேடி வந்த பெண்ணை அழைத்துப்போக ஓர் ஆண் வரும்வரை அடைத்துவைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.