2.675-ஐ ரவுண்டு செய்தால் 2.67 வருகிறது: டெசிமலா, ஃபிராக்‌ஷனா?

நிரல்வண்டு (கேள்வி):

பைத்தானில் ஒரு கணக்கு நிரல். 2.675-ஐ இரண்டு தசம இடத்துக்கு ரவுண்டு செய்தால் 2.68 வர வேண்டும், 2.67 வருகிறது. பின்ன எண்ணை இரும வடிவில் வைக்கும் ஃப்ளோட் வகைதான் காரணம் என்று, பத்தின் அடுக்குகளில் வைக்கும் டெசிமல் வகைக்கு மாற்றினேன். அரையை மேலே தள்ளும் ரவுண்டு_ஹாஃப்_அப் விதியையும் கொடுத்தாயிற்று. அப்போதும் அதே 2.67.

இன்னொன்று: 100.00-ஐ மூன்று பங்காக்கித் திரும்பக் கூட்டினால் 99.99. எல்லாவற்றையும், எண்ணைத் தொகுதி/பகுதியாகவே வைத்திருக்கும் ஃபிராக்‌ஷனுக்கு மாற்றினால் தொல்லை தீருமா? டேட்டாபேஸ் எஸ்க்யூலைட்.

தசமப்புள்ளி:

டெசிமலுக்குள் எதைப் போட்டீர்கள் என்று பாருங்கள். மேற்கோள்குறி இல்லாமல் 2.675 என்று எழுதினால், டெசிமலிடம் போய்ச் சேரும் முன்பே அது ஃப்ளோட் ஆகிவிடும். ஃப்ளோட்டில் இலக்கங்களுக்கு இருப்பது 53 பிட், பின்னத்தின் பகுதியில் 2-இன் அடுக்குகள் மட்டும். அரை, கால், அரைக்கால் எல்லாம் அப்படியே நிற்கும். பத்தில் ஒன்று நிற்காது. 2.675-க்கு மிக அருகில் கிடைக்கும் மதிப்பு இது:

2.67499999999999982236431605997495353221893310546875

டெசிமல் இதை ஓர் இலக்கம்கூடச் சிந்தாமல் வாங்கி வைத்துக்கொள்கிறது. அரைக்குக் கீழே இருப்பதால், அரையை எந்தப் பக்கம் தள்ளும் விதியைக் கொடுத்தாலும் 2.67-தான். நிரல் சரியாகவே கணக்கிடுகிறது, உள்ளே போன எண்தான் வேறு.

'2.675' என்று ஸ்ட்ரிங்காகக் கொடுத்து, தசம இடத்தை நிர்ணயிக்கும் குவான்டைஸில் '0.01' வையுங்கள். 2.68 வரும். ஆனால் சோதிக்க இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். விதி எதுவும் சொல்லாவிட்டால் டெசிமல் அரையை இரட்டை இலக்கத்தின் பக்கம் தள்ளும் (ஹாஃப்_ஈவன்), 2.675-க்கு அதிலும் 2.68-தான், வித்தியாசம் வெளியே தெரியாது. 2.665-ஐப் போட்டால் தெரியும்: ஹாஃப்_ஈவனில் 2.66, ஹாஃப்_அப்பில் 2.67.

ஃப்ளோட் திருட்டுத்தனமாக நுழைவதைத் தடுக்க, டெசிமல் கான்டெக்ஸ்டின் (கணக்கு அமைப்புகளின்) டிராப்ஸில், அதாவது எதற்கெல்லாம் எரர் தர வேண்டும் என்ற பட்டியலில், ஃப்ளோட்ஆபரேஷனை ஆன் செய்யுங்கள். அதன்பின் டெசிமலுக்குள் ஃப்ளோட்டைப் போட்டாலே எரர். சமமா என்று ஒப்பிடுவதையும், ஃப்ரம்_ஃப்ளோட் போன்று வெளிப்படையாக மாற்றுவதையும் மட்டும் அது பிடிக்காது. வெளியிலிருந்து தரவு வரும் ஜேசன் வடிவமும் ஒரு கள்ள வாசல்: லோட்ஸ் ஃபங்ஷனில் பார்ஸ்_ஃப்ளோட்டுக்கு டெசிமலைக் கொடுக்காவிட்டால் எண் ஃப்ளோட்டாகவே உள்ளே வரும்.

மீபொவ:

மேலே சொன்னது சரி. ஆனால் டெசிமலுக்கு மாறினால் எல்லாம் துல்லியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இருந்தால் அதுவும் வழுக்கும். 1-ஐ 3-ஆல் வகுத்து, திரும்ப 3-ஆல் பெருக்கினால் 0-க்குப் பிறகு 28 ஒன்பதுகள் வரும். கணக்கில் வைத்துக்கொள்ளும் இலக்கங்கள் இயல்பாக 28 என்பதால் அப்படி. எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடிக்க இன்எக்ஸாக்ட் டிராப்பை ஆன் செய்து ஓட்டுங்கள், இலக்கம் விழும் வரியிலேயே நிரல் நிற்கும். தெரிந்தே ரவுண்டு செய்யும் இடத்தில் லோக்கல் கான்டெக்ஸ்ட் போட்டு அதை அணைத்துக்கொள்ளலாம்.

ஃபிராக்‌ஷனில் மூன்றில் ஒன்றை மூன்றால் பெருக்கினால் 1-தான், சந்தேகமே இல்லை. அதற்கான விலை எண்களின் நீளம். 1 + 1/2 + 1/3 என்று 1/20 வரை கூட்டினால் 55835135/15519504. 1/100 வரை போனால் பகுதி மட்டும் 40 இலக்கம். ஒவ்வொரு கூட்டலுக்கும் மீப்பெரு பொது வகுத்தி வேறு கண்டுபிடித்துச் சுருக்க வேண்டும். ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தும் கணக்கில் நிலைமை இன்னும் மோசம். 2-இன் வர்க்கமூலத்துக்கு நியூட்டன் முறை: 1, 3/2, 17/12, 577/408, 665857/470832... படிக்குப் படி இலக்கங்கள் இரட்டிக்கும். பத்தாவது படியில் தொகுதி 392 இலக்கம். விடையே விகிதமுறா எண் என்னும்போது இந்தத் துல்லியத்தால் ஒரு பயனும் இல்லை. அங்கே ஃப்ளோட்டே போதும்.

இன்னொரு பள்ளம். டெசிமலோடு ஃப்ளோட்டைக் கூட்டினால் டைப்எரர் வந்து காப்பாற்றும். ஃபிராக்‌ஷனோடு கூட்டினால் சத்தமே இல்லாமல் விடை ஃப்ளோட் ஆகிவிடும். எனக்கு ஃபிராக்‌ஷனில் பிடிக்காத ஒரே விஷயம் இது.

மீதி:

மூன்று பங்கு விவகாரத்துக்கு வருவோம். இதை ஃபிராக்‌ஷன் தீர்க்காது. 100/3 என்று எவ்வளவு துல்லியமாக வைத்திருந்தாலும், கடைசியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தசம இடத்தில்தான் எழுதப் போகிறீர்கள், 99.99 அங்கே திரும்ப வந்துவிடும். தொகையைச் சிறு அலகில் (ரூபாயானால் பைசாவில்) முழு எண்ணாக்குங்கள். 10000-ஐ 3-ஆல் டிவ்மாட் செய்தால் ஈவு 3333, மீதி 1. அந்த மீதியை முதல் ஆளுக்கு ஏற்றினால் 33.34, 33.33, 33.33. கூட்டினால் 100.00.

பலர் கோட்டைவிடுவது, பதிவைத் திருப்பி ரத்து செய்யும்போது, அதாவது தொகை எதிர்க்குறியோடு வரும்போது. பைத்தானில் -10000-ஐ 3-ஆல் டிவ்மாட் செய்தால் ஈவு -3334, மீதி 2. மீதியை முதலிலிருந்து ஏற்றினால் -3333, -3333, -3334. கூட்டுத்தொகை சரி, ஆனால் முதல் ஆளுக்கு 0.01 மிச்சம் நிற்கும், மூன்றாம் ஆளுக்கு அதே அளவு குறையும். ஜாவாவிலோ ஈவு -3333, மீதி -1; மீதி எத்தனையோ அத்தனை முறை ஒன்று சேர்க்கும் லூப் அங்கே ஓடவே ஓடாது. குறியைக் கழற்றி வைத்து, நேர் எண்ணாகப் பங்கிட்டு, கடைசியில் குறியை மாட்டுங்கள்.

எஸ்க்யூலைட்டில் ஒரு நெடுவரிசைக்கு டெசிமல்(10,2) என்று வகை கொடுத்தாலும் பின்ன மதிப்பு உள்ளே 8 பைட் ஃப்ளோட்டாகத்தான் சேமிக்கப்படும். இன்டிஜர் (முழு எண்) நெடுவரிசை வைத்துச் சிறு அலகிலேயே சேமியுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் நியூமெரிக் வகைக்கு இந்தக் குறை இல்லை.

நிரல்வண்டு:

ஸ்ட்ரிங்காக மாற்றியதும் 2.68 வந்துவிட்டது, நன்றி. ஃப்ளோட்ஆபரேஷன் டிராப்பை ஆன் செய்ததும் ஐந்து இடத்தில் எரர். எல்லாமே ஜேசன் வழியாக வந்தவை. ஒரு சந்தேகம் மிச்சம்: ரவுண்டு வரிக்கு வரியா, மொத்தத்திலா?

தசமப்புள்ளி:

இரண்டுக்கும் விடை வேறுபடும். 0.335 உள்ள மூன்று வரிகளை ஹாஃப்_அப்பில் தனித்தனியே ரவுண்டு செய்தால் 0.34 வீதம் 1.02. முதலில் கூட்டினால் 1.005, ரவுண்டு செய்தால் 1.01. எது என்பதை உங்கள் கணக்கு விதிதான் சொல்ல வேண்டும், மொழியோ லைப்ரரியோ சொல்லாது. எதுவானாலும் ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். வரியில் ஒருமுறை, மொத்தத்தில் ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் ரவுண்டு வேண்டாம்: 2.6749-ஐ முதலில் மூன்று இடத்துக்கு ரவுண்டு செய்தால் 2.675, பிறகு இரண்டுக்கு 2.68. நேராகச் செய்திருந்தால் 2.67.