‘புன்காய்’க்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்!)

மணற்கேணி எழுதியது:

அன்பர்களே, அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கராத்தே பெல்ட் தேர்வுக்குத் தமிழில் கையேடு போடுகிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிஹோன் ‘அடிப்படை’ ஆயிற்று. இடுப்புக்கு இழுத்துக்கொள்ளும் ஹிக்கித்தேயை ‘இழுகை’ என்று வினைத்தொகையாக்கிவிட்டேன். புன்காயில் வந்து நிற்கிறேன்.

ஹெய்யான் ஷோதான் என்னும் கட்டாவில் (தனியே செய்து பழகும் அசைவு வரிசை) நான்காவது அசைவு: முன்னால் இருக்கிற வலக்கையைப் பின்னுக்கு இழுத்து, மேலே சுழற்றி, சுத்தியல்போல் முஷ்டியை இறக்க வேண்டும். தனியாகச் செய்யும் பிள்ளைக்கு அது வெறும் கை வீச்சு. “ஒருத்தன் உன் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கான், உதறிட்டு அடி” என்று ஆளை நிறுத்திக் காட்டினால் முகமே மாறிவிடும். அந்தக் காட்டலுக்குத்தான் சொல் வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

புன்காய் என்றே விட்டால் புங்கங்காய் என்று படிப்பார்கள். கனி இருக்கக் காய் எதற்கு? சொல்லில் இரண்டு எழுத்து: புன் என்றால் பிரி, காய் என்றால் அவிழ். இரண்டாம் எழுத்துக்குள் கொம்பு, கத்தி, மாடு மூன்றும் இருக்கின்றன. மாட்டைக் கூறுபோடுவதுதான் அதன் பழம்பொருள். ஜப்பானியர் கடிகாரத்தைக் கழற்றிப் பரப்புவதற்கும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ‘பகுப்பாய்வு’ என்று போடுங்கள், முடிந்தது.

நாஞ்சிலான் எழுதியது:

பகுப்பாய்வு ரத்தப் பரிசோதனைக்கு ஆகும், அடிதடிக்கு ஆகாது. எங்கள் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையில் அசைவு வரிசைக்குச் சுவடு என்று பெயர் உண்டு. கட்டாவைச் சுவடு என்று சொல்லுங்கள், புன்காயைப் ‘பிரிப்பு’ என்று சொல்லுங்கள். ஆசான்மார் வாயில் புழங்குகிற சொல்லை விட்டுவிட்டு அகராதியைப் புரட்டுவானேன்?

ஒப்பிலி எழுதியது:

கட்டாவுக்குச் சுவடு எதற்கு ஐயா? அதுவே தமிழ்! ஜப்பானியத்தில் கட்டா என்றால் அச்சு, வார்ப்பு. நம்மிடம் செங்கல் அறுக்கும் அச்சுக்கு என்ன பெயர்? கட்டளை! கட்டு, கட்டளை, கட்டா. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு வாழ்நாளெல்லாம் எழுதினாரே!

ஏட்டுச்சுவடி எழுதியது:

எழுதினார். வரலாற்று மொழியியலாளரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேர் தோண்டியே தீர வேண்டுமென்றால் தோக்கியோவில் அல்ல, கராத்தே பிறந்த ஓக்கினாவாவில் தோண்ட வேண்டும். அங்கே எகரம் இகரமாகும், ஒகரம் உகரமாகும். கை என்னும் ‘தே’ அங்கே ‘தீ’. ஒட்டும் அரிசிப் பண்டமான மோச்சி அங்கே ‘முச்சி’. பிடித்த கையை விடாமல் பசைபோல் ஒட்டிச் செல்லும் ‘முச்சிமி’யும் அதிலிருந்துதான் என்பார்கள். தீ என்ற ஒலியைக் கேட்டு நெருப்பைக் கிளப்பிவிடாதீர்கள்.

கராத்தேயின் ‘கரா’வுக்கு முன்பு சீனத்துத் தாங் வம்சத்தைக் குறிக்கும் எழுத்து. 1936 அக்டோபர் 25 அன்று ஓக்கினாவாவின் நாஹாவில் கராத்தே ஆசிரியர்கள் கூடி ‘வெறுமை’ எழுத்தை ஏற்றார்கள். ஒலி அதே, எழுத்து வேறு. ‘வெறுங்கை’ என்பது வேரில் கிடைத்த பொருள் அல்ல, கூட்டத்தில் எடுத்த முடிவு.

ஒப்பிலி எழுதியது:

அப்படியானால் அவர்களும் தூய்மை பார்த்தார்கள்! 1922இல் தோக்கியோ போன கராத்தே ஆசான் ஃபுனாகோஷி, பினான் கட்டாக்களை ஹெய்யான் என்றார், நைஃபாஞ்சியைத் தெக்கி என்றார். நாம் மாற்றினால் மட்டும் குற்றமா?

நாஞ்சிலான் எழுதியது:

மாற்றினார், சரி. ஓக்கினாவாவில் இன்றும் பினான், நைஃபாஞ்சிதானே? மணற்கேணி, ஒரு எச்சரிக்கை: பினான் வரிசையின் முதல் இரண்டையும் அவர் இடம் மாற்றினார். உங்கள் ஹெய்யான் ஷோதான் பழைய பினான் நிதான். கையேட்டில் குறிப்பிடாவிட்டால் வேறு பள்ளி மாஸ்டர்கள் சண்டைக்கு வருவார்கள்.

குறிஞ்சிப்பூ எழுதியது:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நமக்கு இது புதிய சிக்கலா? கட்டா மூலம், புன்காய் உரை. ஒரே குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள். பரிமேலழகர் ஓர் அசைவைத் தடுப்பு என்றால் மணக்குடவர் பிடி என்பார். கராத்தே மாஸ்டர்களும் அப்படித்தான். நன்னூல் உரைக்குப் பதினான்கு கூறு சொல்கிறது, அவற்றில் வினா விடையும் உண்டு. ‘அடியுரை’ என்று வைப்போம். செய்யுள் அடிக்கும் ஆகும், விழுகிற அடிக்கும் ஆகும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

அம்மா, அருமை. பகுப்பாய்வை வாபஸ் வாங்குகிறேன்.

நாஞ்சிலான் எழுதியது:

அழகுதான். ஆனால் “அடியுரை செய்” என்றால் ஆறாம் வகுப்புப் பையன் சுதந்திர தின மேடை என்று நினைத்துப் பேசத் தொடங்கிவிடுவான்.

மணற்கேணி எழுதியது:

நேற்று வகுப்பில் மூன்று சொல்லையும் பலகையில் எழுதினேன். பிள்ளைகள் ஒன்றையும் தொடவில்லை. “மாஸ்டர், பிரிச்சுக் காட்டுங்க” என்றுதான் கேட்டார்கள். எனவே ‘பிரித்துக்காட்டல்’, பக்கத்தில் பிறைக்குறிக்குள் புன்காய். அடியுரை ஆசிரியர் முன்னுரையில் ஒருமுறை வருகிறது. நாஞ்சிலான் சொன்ன பினான் குறிப்பும் சேர்ந்தது. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

குறிஞ்சிப்பூ எழுதியது:

முன்னுரையை யார் படிப்பார்கள்? இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.

ஒப்பிலி எழுதியது:

நான்கு அசை, நடுவே ஒரு க் வேறு! கட்டளையைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை. நன்றிப் பட்டியலில் என் பெயர் வேண்டாம்.