மாயா பஜார் பார்த்தாச்சு: புதுப்பிப்பு

ஆறு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் 1957-ல் வந்த கறுப்பு வெள்ளை 'மாயா பஜாரை' உட்கார்ந்து பார்ப்பார்களா என்று முன்பு கேட்டிருந்தேன், பலர் தைரியமாகப் போடுங்கள் என்றீர்கள். போட்டோம். பார்த்தார்கள், அதுவும் எப்படி!

படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அதனால் இரண்டு இரவுகளாகப் பிரித்துக்கொண்டோம். முதல் பாதியில் சின்னவள் கொஞ்சம் நெளிந்தாள், உண்மைதான். ஆனால் எஸ்.வி.ரங்காராவ் கடோத்கஜனாக வந்து நின்றதும் வீடே அமைதி. 'கல்யாண சமையல் சாதம்' பாட்டில் லட்டுகள் தானாகப் பறந்து அவர் வாய்க்குள் போவதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கேமராவிலேயே செய்த வித்தை அது என்றதும் பெரியவனுக்கு நம்பவே முடியவில்லை.

எனக்கு இந்த முறை சாவித்திரிதான். மணப்பெண் வத்சலா உருவத்தில் இருக்கும் கடோத்கஜனாக அந்த மிடுக்கும் முறைப்பும், அடுத்த நொடியே நாணமும், அப்புறம் மணமேடையில் மாப்பிள்ளையாக வரும் தங்கவேலுவின் காலை மிதிக்கும் இடமும்! சின்ன வயதில் வெறும் சிரிப்பாகத் தெரிந்தது, இப்போது எவ்வளவு பெரிய நடிப்பு என்று புரிகிறது.

வண்ணத்தில் கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு: 2010-ல் வண்ணமேற்றி வெளியிட்டது தெலுங்குப் பதிப்பை. தமிழில் கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள், அந்த நிலாவொளிப் படகுப் பாட்டுக்கு அதுதான் அழகு.